தேக்கு வந்த வழி

தேக்கு மரத்தை அறியாத தமிழ் மக்கள் அரியர். கதவாகவோ நிலையாகவோ ஊஞ்சற் பலகையாகவோ அது நம் இல்லங்களிற் குடியிருக்கிறது. ஆயினும் அம்மரம் நடந்து வந்த வழியைக் கேட்டறிந்தோர் சிலரே. தச்சுத் தொழிலால் வாழ்பவன் நான். வரலாற்று நூல்களைக் கற்றுத் துறைபோகியவன் அல்லேன். என் கைக்கு வரும் மரங்கள் எழுப்பிய வினாக்களுக்கு விடை தேடியபோது கிடைத்தவற்றை மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

என் பட்டறைக்குப் புது மரத்தைவிடப் பழைய மரமே மிகுதியாக வருகிறது. பழைய வீடுகளை இடிப்போர் உத்திரங்களையும் தூண்களையும் விற்றுவிடுகின்றனர். அவற்றின்மேல் இழைப்புளியை ஓட்டினால் கரிபடிந்த மேற்புறம் சுருள் சுருளாக நீங்கிப் பொன்னிறம் தோன்றும். தேக்குக்கே உரிய எண்ணெய் மணமும் எழும். விரைவில் உளியும் மழுங்கும். சிலிக்கா என்னும் மணற்சத்து அம்மரத்தில் கலந்திருப்பதே அதற்குக் காரணம். சாணைக்கல்லை அருகில் வைத்துக்கொள்ளாமல் தேக்கில் வேலை தொடங்குவது வீண்.

சில உத்திரங்களில், இடிக்கப்பட்ட வீட்டின் அமைப்போடு சிறிதும் பொருந்தாத பழந்துளைகள் காணப்படும். அவ்வீட்டுக்கு வருமுன் அந்த உத்திரம் வேறொரு கூரையைத் தாங்கியிருந்தது என்பதற்கு அவையே சான்று. இவ்வழக்கம் மிகப் பழையது. எகிப்து நாட்டின் செங்கடற்கரையில் பெரனிகே என்றொரு துறைமுகம் உரோமர் காலத்தில் விளங்கிற்று. 1994 முதல் அங்கு நிகழ்ந்த அகழாய்வில், கட்டடங்களில் தேக்கு மரங்கள் மிகுதியாக வெளிப்பட்டன. எகிப்தில் தேக்கு விளைவதில்லை. இந்தியக் கடல்வழியில் ஓடித் தேய்ந்த கப்பல்களைப் பிரித்தெடுத்த மரம் அது என ஆய்வாளர் கருதுகின்றனர். ஏழரைக் கிலோ மிளகு நிறைந்த இந்தியத் தாழியொன்றும் அவ்வூரிலேயே கிடைத்தது. நம் பக்கத்திலிருந்து மரம் அங்குச் சென்றதுபோல, அப்பக்கத்துத் தொழிலாளர் இங்கும் வந்தனர் போலும். புகார் நகரில் சோழ மன்னனுக்கு மண்டபம் அமைத்தவர்களுள் யவனத் தச்சரும் இருந்தனர் என்று மணிமேகலை கூறுகிறது. அவர்களும் நம்மவரும் ஒரே மரத்தின் இரு முனைகளில் அமர்ந்து வேலை செய்திருப்பார்களோ என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

பிற்காலத்தில் ஆங்கிலேயர் இம்மரத்தின் அருமையை உணர்ந்தது போர்க்கப்பல்களால். அவர்கள் நாட்டு ஓக் மரம் நெப்போலியன் காலப் போர்களில் அருகிவிட்டது. மேலும் ஓக்கில் உள்ள புளிப்புச் சத்து இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெயோ ஆணியைக் காக்கும். ஆகவே பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் தேக்கினால் கப்பல் கட்டிக் கொடுத்தனர். 1817இல் அங்குக் கட்டி வெள்ளோட்டம் விடப்பட்ட கப்பலொன்றுக்கு இலங்கைத் துறைமுகமாகிய திருகோணமலையின் பெயரே இடப்பட்டது. அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது.

இத்தேவையால் மலையாளக் காடுகள் வெறுமையாயின. பச்சைத் தேக்கு நீரில் அமிழ்ந்துவிடும். ஆதலின் நிற்கும் மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வெட்டி, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றவாறே உலரவிட்டு, அதன்பின் வீழ்த்தி ஆற்றில் மிதக்கவிடுவர். வெட்டுவதில் இத்தனை பொறுமை காட்டியவர்கள் நடுவதைப் பற்றி நெடுங்காலம் எண்ணவில்லை. 1840களில் மலபார் கலெக்டராயிருந்த கானலியும், அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய சாத்து மேனோனும் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் தொடங்கினர். முதலில் விதைகள் எளிதில் முளைக்கவில்லை; பலவாறு முயன்றே வெற்றி கண்டனர். கானலி 1855இல் கொலையுண்டார். அவர் பெயரால் வழங்கும் தோட்டத்தில், 1846ஐ ஒட்டி நட்ட மரங்களுட் சில இன்றும் நிற்கின்றன.

இக்காலத்தில் தனியார் தோட்டங்களில் தேக்கை இளமையிலேயே வெட்டி விற்கிறார்கள். தேக்கின் குறுக்குவெட்டில் ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரியும். கட்டையை வாங்குமுன் அவற்றை எண்ணுவது என் வழக்கம். அண்மையில் நிலைக்காலுக்கென்று ஒருவர் கொணர்ந்த கட்டையில் 18 வளையங்களே இருந்தன. பாதிக்குமேல் வைரம் பாயாத வெண்மரம். கறையானுக்கு ஆகும், கதவுக்கு ஆகாது. அதை அவரிடமே திருப்பிக் கொடுத்து, இடித்த வீட்டு உத்திரம் ஒன்றைக் காட்டினேன். “துளையாக இருக்கிறதே!” என்றார். துளையை உட்புறமாகத் திருப்பி அடைத்துக் கொடுப்பதாகச் சொல்லி, மூலைமட்டத்தை எடுத்தேன்.