அழிந்த கோப்புகள் மீண்ட வரலாறு



வன்தட்டைத் தவறுதலாக 'ஃபார்மெட்' செய்துவிட்டால் உள்ளிருந்த கோப்புகள் எங்கே போகின்றன? ஆசிரிய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் வினா இது. தேர்வுத்தாள், பள்ளி ஆண்டிதழ், மாணவர் படங்கள் எல்லாம் ஒரே தட்டில் இருந்தால் கலக்கம் வரத்தானே செய்யும்!

அவை உடனே எங்கும் போய்விடுவதில்லை என்பதே விடை. நூலை அடுக்கிலேயே விட்டுவிட்டுப் பட்டியல் அட்டையை மட்டும் கிழித்தெறிவது போன்றது அது. அன்றைய டாஸ் இயங்குதளம், நீக்கிய கோப்புப் பெயரின் முதல் எழுத்தை மாற்றிவிட்டு, அவ்விடத்தைக் 'காலி' எனக் கணக்கில் வைத்துக்கொள்ளும். இந்நுட்பத்தைப் பயன்படுத்தி, 1982-இல் அமெரிக்கரான பீட்டர் நார்ட்டன் 'அன்இரேஸ்' என்னும் மீட்பு நிரலை வெளியிட்டார். 1991-இல் வந்த டாஸ் 5.0 பதிப்பிலேயே 'அன்டெலீட்' கட்டளை இடம்பெற்றது. விடுபட்ட முதல் எழுத்தை நாம் தட்டச்சு செய்து கொடுத்தால் கோப்பு மீளும்!

ஆனால், 'காலி' இடத்தில் புதிய தரவு எழுதப்பட்டுவிட்டால் பழையது போனது போனதுதான். ஆகவே, கோப்பு அழிந்தது தெரிந்தவுடன் அத்தட்டில் எதையும் எழுதக் கூடாது. மீட்பு மென்பொருளையும் அதில் நிறுவக் கூடாது. மீட்டவற்றை வேறொரு தட்டில்தான் சேமிக்க வேண்டும். 2007-இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா முதல், முழு 'ஃபார்மெட்' தட்டெங்கும் சுழியங்களை எழுதிவிடுகிறது. இன்றைய எஸ்.எஸ்.டி. தட்டுகளோ நீக்கிய இடத்தைத் தாமாகவே துடைத்துவிடுகின்றன. மீட்பு நிரலை மட்டும் நம்பியிருக்கும் காலம் போய்விட்டது.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநில வருவாய்த் துறையில் 2006 சூலையில் நடந்ததைக் கேளுங்கள். மக்களுக்கு எண்ணெய் நிதியின் பங்கை வழங்கும் பிரிவின் தட்டைத் தொழில்நுட்பர் ஒருவர் தவறுதலாக அழித்தார். காப்புப்படி இருந்த தட்டையும் சேர்த்தே அழித்துவிட்டார். மூன்றாவது அரணாக இருந்த காப்பு நாடாக்களைத் திறந்தால், அவற்றைப் படிக்க இயலவில்லை! வல்லுநர் வந்தும் பயனில்லை. ஏறத்தாழ 8 இலட்சம் ஆவணப் படிமங்கள் மறைந்தன. இறுதியில் கைகொடுத்தவை 300-க்கும் மேற்பட்ட அட்டைப் பெட்டிகளில் கிடந்த காகிதங்களே. ஏறக்குறைய 70 பேர் வார இறுதியிலும் உழைத்து அவற்றை மீண்டும் வருடிக் கணினியில் ஏற்றினர். செலவு 2 இலட்சம் டாலருக்கும் மேல்!

கணினி வருமுன்பே தமிழர்க்கு இப்பாடம் தெரியும். ஓலைச்சுவடி செல்லரிக்கும் முன் புதிய ஏட்டில் படியெடுத்தமையால்தான் சங்க நூல்கள் நம் கைக்கு வந்தன. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத சுவடிகள் மீளவே இல்லை. பிறர் வீட்டிலும் பிற நூலகங்களிலும் படி இருந்தவை பிழைத்தன. அத்தகைய ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப் படிகளாக்கிக் காக்கும் பணியை 2005-இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் செய்து வருகிறது.

இதை ஏன் சிடாம் கிரியிலிருந்து எழுதுகிறேன்? கெடாவில் இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டன. லயத்து வீடுகள் மறைந்தன. அங்கு வாழ்ந்தோரின் வரலாறு பழைய படங்களிலும் தோட்டப் பள்ளி ஏடுகளிலும்தான் எஞ்சியிருக்கிறது. அவற்றை ஆர்வத்தோடு வருடிக் கணினியில் ஏற்றுகிறோம். நல்லது! ஆனால், "கணினியில்தான் இருக்கிறதே" என்று மூலத்தாளைக் குப்பையில் போடுகிறோமே, அதுதான் ஆபத்து. அலாஸ்காவினர் அப்பெட்டிகளை எறிந்திருந்தால் என்னாகியிருக்கும்?

எனவே ஆசிரியர்களே:

1. மூலத்தாளைக் காத்து வையுங்கள்.
2. ஒரு படி பள்ளியிலும் ஒரு படி வேறிடத்திலும் இருக்கட்டும்.
3. ஆண்டுக்கு ஒரு முறையாவது காப்புப்படியைத் திறந்து பாருங்கள். திறக்க முடியாத படி, படியே அன்று.

படியெடுப்போம்! வரலாறு காப்போம்!