பூனைக்காலியும் கூட்டு மாத்திரையும்

மலேசியாவின் பேராக்கில் பால்மரத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிய பின் மேட்டு நிலங்களில் மூடுபயிராகப் பரவிய கொடிகளில் ஒன்று மியூகூனா பிராக்டியேட்டா. 1990களில் இந்தியாவிலிருந்து மலேசியாவுக்கு வந்தது. களையை அடக்கும், மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும் என்பதற்காகத் தோட்டத்தார் அதை விரும்பினார்கள். நம் பூனைக்காலியும் அதே பேரினம்தான். அதன் விதைப்பொடி நடுக்குவாதத்துக்கு, அதாவது பார்க்கின்சன் நோய்க்கு, பக்கவிளைவே இல்லாத மருந்து என்ற பேச்சு தமிழரிடையே உண்டு. அதில் பாதி உண்மை. விதையில் மருந்து இருக்கிறது. ஆனால் பக்கவிளைவைக் குறைத்தது விதை அல்ல, துணை மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவம்.

விதையின் பெருமையைக் குறைக்கத் தேவையில்லை. அதிலுள்ள மருந்தான லெவோடோப்பாவை ஐரோப்பாவில் 1913இலேயே ஒருவகை அவரையிலிருந்து பிரித்திருந்தார்கள். பூனைக்காலி விதையிலிருந்து 1937இல் அதைப் பிரித்தெடுத்தவர்கள் சென்னையில் ஆய்வு செய்த தாமோதரனும் ராமசாமியும். அது நடுக்குவாதத்துக்கு உதவும் என்று அப்போது உலகில் எவருக்கும் தெரியாது. 1961இல் வியன்னாவில் பிர்க்மேயரும் ஹோர்னிகீவிச்சும் அதை ஊசியில் செலுத்தியபோது படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். சில மணி நேரத்தில் பலன் மறைந்தது. 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ், வாய்வழியாகச் சிறிது சிறிதாக ஏற்றி, நாளொன்றுக்கு 16 கிராம் வரை டோப்பா கொடுத்தார். பலன் நிலைத்தது, ஆனால் குமட்டலும் வாந்தியும் கூடவே வந்தன. காரணம் எளியது: மருந்தின் பெரும்பகுதி மூளைக்குப் போகுமுன் உடலிலேயே டோப்பமினாக மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தை மூளைக்கு வெளியே மட்டும் தடுக்கும் கார்பிடோப்பா, பென்செராசைடு ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்ததும், 1970களில் லெவோடோப்பாவின் தேவை ஏறத்தாழ கால்பங்காகக் குறைந்தது. வாந்தியும் பெருமளவு அடங்கியது. வீட்டில் வைத்துச் சாப்பிடக்கூடிய மருந்தாக அது ஆனது அந்தத் துணையால்தான் என்பேன்.

விதையிலேயே இயற்கை அந்தத் துணையை வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். லண்டனில் 2004இல் எட்டு நோயாளிகளிடம் செய்த சோதனையில், விதைப்பொடியானது கூட்டு மாத்திரையைவிட விரைவாக வேலை செய்தது. கட்டுப்பாடின்றி உடல் தானாக ஆடும் தன்னிச்சை அசைவுகளும் கூடவில்லை. ஆனால் அது ஒற்றை வேளை மருந்தின் கணக்கு. பொலிவியாவில் பதினான்கு பேரைக் கொண்டு நடந்து 2018இல் வெளியான நீண்ட சோதனையில், பொடியை ஏழு பேர் பாதியில் நிறுத்தினார்கள்: நால்வர் வயிற்றுத் தொல்லையால், மூவர் நோய் கூடியதால். கூட்டு மாத்திரையை ஒருவரும் நிறுத்தவில்லை. எண்ணிக்கை சிறிதுதான், இருந்தும் பக்கவிளைவே இல்லை என்ற வாதம் நிற்பதற்கு அது இடம் தரவில்லை.

கூட்டு மருத்துவமும் குறையற்றதல்ல. ஆண்டுகள் போகப்போக வரும் தன்னிச்சை அசைவுகளைக் கார்பிடோப்பா தடுப்பதில்லை. அவற்றைக் குறைக்கச் சேர்க்கும் அமாண்டடின் சிலருக்குக் கால் வீக்கத்தையும் மாயக்காட்சியையும் தருகிறது. பலன் நீடிக்கச் சேர்க்கும் என்டகபோன் அந்த அசைவுகளைக் கூட்டவும் செய்யும். அதனால் சேர்த்த கையோடு மருத்துவர் லெவோடோப்பாவைக் குறைக்கிறார். அதே வகையைச் சேர்ந்த டோல்கபோன் 1998இல் கல்லீரல் கெட்டு நேர்ந்த மரணங்களால் கடும் கட்டுப்பாட்டுக்குள்ளானது. மருந்தைக் கூட்டுவதே சரி என்று இந்த வரலாறு சொல்லவில்லை. ஒன்றைச் சேர்ப்பதால் தொல்லை தரும் மற்றொன்றின் அளவு குறைகிறதா என்பதே அதன் அளவுகோல். மூளைக்குள் மின்முனை பதிக்கும் அறுவை சிகிச்சையும் அப்படித்தான் மதிப்புப் பெற்றது: பலரிடம் லெவோடோப்பா அளவைப் பாதியளவுக்குக் குறைக்க அது வழிவிட்டது.