டோக்கியோ சென்றவர் எத்தனை பேர்?

யுத்த காலத்தைப் பற்றி நம்மவர் வீடுகளில் பேச்செழுந்தால், "எங்கள் பெரியவர் டோக்கியோவுக்குப் போய் ஆபீஸர் பயிற்சி பெற்றவர்" என்னும் வாசகம் அடிக்கடி காதில் விழும். தோட்டத்து லயங்களிலும் கேட்டிருக்கிறோம். பட்டணத்துக் கலியாண வீடுகளிலும் கேட்டிருக்கிறோம். எமது குடும்பத்திலும் இவ்வாசகம் உண்டு. எம் பாட்டனாரின் தமையனார் 1943-ம் ஆண்டில் தோட்டத்தை விட்டுச் சென்று இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர். அவர் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு இராணுவ அதிகாரியாகப் பயிற்சி பெற்றார் என்பது இரண்டு தலைமுறையாக எம் வீட்டார் சொல்லிவரும் செய்தி.

சொல்லப்படுவது மெய்தானா என்று ஆராய்வது பெரியோரை அவமதிப்பதாகும் என்று சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிப் பிழைப்போர்க்கு ஒரு பழக்கம் உண்டு. பேரேட்டில் ஒரு தொகை இருக்குமானால், அதற்குரிய சீட்டு எங்கே என்று கேட்போம். சீட்டில்லாத தொகை எவ்வளவு பெரிதாயினும் கணக்கில் நில்லாது. சரித்திரமும் அத்தகையதே. ஆதாரமில்லாப் பெருமை, சொல்லுவோர் மறைந்ததும் தானும் மறைந்துவிடும்.

முதலில் நடந்தது இன்னதெனக் காண்போம். 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு முதலில் அமைந்த இராணுவம் அவ்வாண்டின் இறுதியிலேயே கலைந்தது. 1943 ஜூலை 2-ந் தேதி சுபாஷ் சந்திர போஸ் சிங்கை வந்து சேர்ந்தார். ஜூலை 4-ந் தேதி தலைமை ஏற்றார். அக்டோபர் 21-ந் தேதி சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். அவர் அழைப்பைக் கேட்டு, துப்பாக்கியையே அறியாத தோட்டத் தொழிலாளரும், கடைச் சிப்பந்திகளும், பள்ளி மாணவரும் பட்டாளத்தில் சேர்ந்தனர். இவர்களை நடத்துவதற்கு அதிகாரிகள் வேண்டும். பழைய பிரிட்டிஷ் இந்திய இராணுவத்திலிருந்து வந்தவர்கள் மட்டும் போதார். ஆகவே புதியவரிலிருந்தே அதிகாரிகளை உருவாக்கும் வேலை தொடங்கிற்று.

அவ்வேலையின் ஒரு பகுதிதான் ஜப்பானுக்கு மாணாக்கரை அனுப்பியது. மலாயா, பர்மா முதலிய நாடுகளில் வாழ்ந்த இந்திய இளைஞர்களில் சுமார் 45 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சிறு பகுதியினர் விமானப் படைக்கும், ஏனையோர் தரைப் படைக்கும் பயிலச் சென்றனர். 'டோக்கியோ கேடட்டுகள்' என்று சரித்திரம் குறிப்பது இவர்களையே. ரங்கூனில் வளர்ந்த ரமேஷ் பெனகல் இவர்களில் ஒருவர். அவர் பின்னாளில் இந்திய விமானப் படையில் சேர்ந்து, 1971-ம் ஆண்டு யுத்தத்தில் மகாவீர் சக்கரம் பெற்றார். தமது ஜப்பான் அனுபவத்தை நூலாகவும் எழுதிவைத்தார். ஒருவர் எழுதிவைத்ததனால் மற்றவர்களைப் பற்றியும் நாம் அறிய முடிகிறது என்பதை நேயர்கள் மனத்தில் கொள்வார்களாக.

டோக்கியோ என்கிறோமே தவிர, அப்பள்ளிகள் அந்நகருக்குள் இருக்கவில்லை. ஜப்பானிய இராணுவ அதிகாரிக் கல்லூரி 1937-ம் ஆண்டிலேயே டோக்கியோவின் இச்சிகாயா என்னும் இடத்தை விட்டு ஸாமா என்னும் ஊருக்குப் போய்விட்டது. விமானப் படைக் கல்லூரி டொயோவோகா என்னும் ஊரில் இருந்தது. ஆயத்தப் பள்ளி அசாக்காவில் இருந்தது. எனவே, ஒரு பெரியவர் தமது பேச்சில் ஸாமா என்றோ அசாக்கா என்றோ சொல்லியிருப்பாரானால், அது டோக்கியோ என்று சொல்வதைவிடப் பன்மடங்கு வலிய சான்றாகும். பொய் சொல்பவனுக்குத் தலைநகரின் பெயர் தெரியும். சிற்றூரின் பெயர் தெரியாது.

அந்த இளைஞர் அடைந்த முடிவு இரங்கத்தக்கது. அவர்கள் அந்நிய மொழியைக் கற்று, அம்மொழியிலேயே போர்க்கலை பயின்றுகொண்டிருந்த 1944-ம் ஆண்டில் இம்பால் படையெடுப்பு முறிந்தது. 1945 மே மாதத்தில் ரங்கூனிலிருந்த இந்திய தேசிய இராணுவத்தினர் சரணடைந்தனர். ஆகஸ்டு 15-ந் தேதி ஜப்பானும் பணிந்தது. மூன்றாம் நாள் போஸ் சென்ற விமானம் தைவானில் வீழ்ந்தது. நடத்துவதற்கென்று பயின்ற பட்டாளம் இல்லாமற் போக, அனுப்பிய தலைவரும் மறைய, அவர்கள் அந்நிய மண்ணில் நின்றார்கள்.

இனி, டோக்கியோ என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனை வெவ்வேறு செய்திகள் கலந்துவிடுகின்றன என்பதைப் பார்ப்போம். 1943, 1944-ம் ஆண்டுகளில் மலாயா, ஜாவா, சுமத்ரா, பிலிப்பைன்ஸ், பர்மா முதலிய நாடுகளிலிருந்து இருநூற்றுவர் வரையில் 'தென்னாட்டுத் தனி மாணாக்கர்' என ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டனர். இவர்கள் கல்லூரி மாணாக்கரேயன்றிப் பட்டாளத்தார் அல்லர். இவர்களில் நிக் யூசோப், சையத் ஓமார் என்னும் மலாயா இளைஞர் இருவர் ஹிரோஷிமாவில் வீழ்ந்த அணுகுண்டுக்கு இரையாயினர். 1942-ல் பினாங்கில் நடந்த சுயராஜ்யப் பள்ளியோ இரகசிய வேலைக்கு ஆட்களைப் பழக்கியது. அங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுப் பிடிபட்ட வக்கம் அப்துல் காதர் முதலிய நால்வர் 1943 செப்டம்பர் 10-ந் தேதி சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். இவையன்றிச் சிங்கையிலேயே இந்திய தேசிய இராணுவத்தின் அதிகாரிப் பயிற்சிப் பள்ளி நடந்தது. ஜப்பானில் பயின்ற மாணவன், ஒற்றன், சிங்கையில் பயின்ற அதிகாரி, ஸாமாவில் பயின்ற அதிகாரி ஆகிய நால்வரும் வெவ்வேறானவர். எண்பது ஆண்டுப் பேச்சில் நால்வரும் ஒருவராகிவிட்டனர்.

இக்குழப்பம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. சீனத் தலைவர் சியாங் கை ஷேக் ஜப்பானிய அதிகாரிக் கல்லூரியில் பயின்றவர் என்று பல காலம் எழுதிவந்தனர். அவர் பயின்றதோ ஆயத்தப் பள்ளியான ஷின்பு பள்ளி; பின் ஒரு பீரங்கிப் படையில் பழகினார்; அதிகாரிக் கல்லூரிக்குள் அவர் நுழையவில்லை. ஒரு நாட்டின் தலைவருக்கே இக்கதியென்றால், தோட்டத்துப் பிள்ளையைப் பற்றிய செய்தி மாறிப்போனதில் வியப்பென்ன?

ஆராய விரும்பும் அன்பர்களுக்கு மூன்று குறிப்புகள் சொல்வோம். முதலாவது, தேதி. ஆக்கிரமிப்புக் காலத்துக் காகிதங்களில் ஜப்பானிய ஆண்டே பெரும்பாலும் காணப்படும். 2603 என்றால் 1943. 2604 என்றால் 1944. 'ஷோவா 19' என்பதும் 1944-ஐயே குறிக்கும். சிங்கப்பூரின் பெயர் 'ஷோனான்' என்றிருக்கும். இது தெரியாமல் பழங்காகிதங்களை அர்த்தமற்றவை என்று எரித்த வீடுகள் உண்டு.

இரண்டாவது, பெயர். ஜப்பானிய எழுத்தில் லகர ஒலி ரகரமாகிவிடும். வகரம் பலவிடத்துப் பகரம் போல ஒலிக்கும். வேலு என்பவர் 'பேரு' என்று எழுதப்பட்டிருக்கலாம். ஆங்கில ஏடுகளிலோ ஒருவர் பெயரே மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். ஆகையால் பெயரை மட்டும் நம்பித் தேடுவோர் ஏமாறுவர். தகப்பனார் பெயர், ஊர், வயது ஆகியவற்றையும் சேர்த்தே தேட வேண்டும்.

மூன்றாவது, இடம். டில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம், இலண்டனிலுள்ள இந்தியா ஆபீஸ் ஏடுகள், கியூவிலுள்ள பிரிட்டிஷ் ஆவணக் காப்பகம், டோக்கியோவிலுள்ள இராணுவ ஆவணங்கள் ஆகிய நான்கிடத்தும் செய்திகள் சிதறிக் கிடக்கின்றன. போஸைப் பற்றிய இந்திய அரசின் இரகசியக் கோப்புகள் பல 2016-ம் ஆண்டு முதல் வெளியிடப்பட்டன. ஜப்பானிய ஆவணங்கள் பலவற்றை 2001-ம் ஆண்டு முதல் கணினி வழியாகவே காணலாம். சிங்கை ஆவணக் காப்பகம் ஆக்கிரமிப்புக் காலத்து மக்களின் வாய்மொழியைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. ஆனால் சரணடையும் வேளையில் ஜப்பானியர் தம் இராணுவத் தஸ்தாவேஜுகளை ஏராளமாகக் கொளுத்திவிட்டனர். ஏட்டில் இல்லாமையே நடக்காமைக்குச் சான்றாகாது என்பதையும் மறத்தல் கூடாது.

இக்குறிப்புகளைக் கொண்டே எம் குடும்பச் செய்தியையும் சோதித்தோம். எம் வீட்டுத் தகரப் பெட்டியில் பாட்டனாரின் தமையனார் தம் தாயாருக்கு எழுதிய அஞ்சலட்டை ஒன்று இருந்தது. இடம் ஷோனான்; ஆண்டு 2604; மாதம் எட்டு. ஆபீஸர் பள்ளியில் பரீட்சை நடக்கவிருக்கிறதென்றும், முடிந்ததும் ஒரு வாரம் லீவு கிடைக்குமென்றும், வீட்டுக்கு வருவதாகவும் எழுதியிருந்தார். கடல் முழுவதும் அமெரிக்க நீர்மூழ்கிகள் வேட்டையாடிய 1944 ஆகஸ்டில், ஒரு வார லீவில் தோட்டத்துக்கு வருவதாக எழுதியவர் ஸாமாவில் இருந்திருக்க இயலாது. அவர் பயின்றது சிங்கைப் பள்ளியிலேயே. டோக்கியோ என்பது பிற்காலத்தார் சேர்த்த சொல். அந்நாளில் மலாயாவில் கடிகாரங்களே டோக்கியோ நேரத்தைக் காட்டின. ஊர்ப்பெயர் கதைக்குள் புகுந்ததில் அதிசயமில்லை.

இதனை அவருடைய தங்கையாரிடம் சொல்ல வேண்டியிருந்தது. தொண்ணூறு வயதைக் கடந்தவர். அண்ணனின் டோக்கியோப் பெருமையைச் சொல்லியே எங்களை வளர்த்தவர். அஞ்சலட்டையை வாசித்துக் காட்டினோம். "அப்படியானால் அண்ணன் ஆபீஸர் இல்லையா, தம்பி?" என்று கேட்டார். ஆபீஸர் பள்ளியில் பயின்றவரேதான், ஊர்தான் வேறு என்றோம். சற்று நேரம் பேசாதிருந்து, நாங்கள் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார். அந்தப் பள்ளியில் எல்லா ஜாதியாரும் எல்லா மதத்தாரும் ஒரே அடுப்பில் சமைத்ததை ஒரே வரிசையில் அமர்ந்து உண்டார்களாம். திரும்பி வந்த அண்ணன், சில ஜாதியாருக்கென்று எங்கள் வீட்டுத் திண்ணையில் கவிழ்த்து வைத்திருந்த தனிக் குவளையை எடுத்து ஆற்றில் எறிந்துவிட்டாராம். தாயார் மூன்று நாள் அவரோடு பேசவில்லையாம்.

நேயர்களே, எது பெரிது? இந்திய தேசிய இராணுவத்தில் பொதுச் சமையல் நடந்தது சரித்திரம் ஒப்பும் செய்தி. அது ஒரு தோட்டத்து வீட்டின் திண்ணை வரைக்கும் வந்து ஒரு குவளையை அகற்றியது. இரண்டு தலைமுறையாக அதை யாரும் எமக்குச் சொல்லவில்லை. டோக்கியோ என்னும் பளபளப்பான சொல் அதனை மறைத்துவிட்டது. இல்லாத பெருமையைக் கழித்த பிறகே இருந்த பெருமை வெளிப்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸாமாவுக்கும் டொயோவோகாவுக்கும் சென்ற நாற்பத்தைந்து பேரைப் பற்றி நூல் உண்டு. அதே ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கொண்டுபோகப்பட்டனர். அவர்களுள் திரும்பாதவர் பலர்; அவர்கள் பெயரை எழுதிவைத்தார் அரியர். தம் முன்னோர் அதிகாரியாயிருந்தால் மட்டும் தேடுவதும், கூலியாய் மாண்டிருந்தால் மறப்பதும் நீதியாகா. இருவரையும் தேடும் வழி ஒன்றே.

ஆகவே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். எங்கே போனார்கள் என்பதோடு நில்லாமல், என்ன உண்டார்கள், யாரோடு உறங்கினார்கள், திரும்பி வந்து எதை மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். கேட்டதைத் தேதியும் ஊரும் பெயருமிட்டு எழுதிவையுங்கள். பழங்காகிதம் எதனையும் எரிக்காதீர்கள். எழுதாத ஜாதிக்குச் சரித்திரம் இல்லை. எழுதத் தெரிந்தும் எழுதாதிருப்பது நம் பிள்ளைகளுக்கு நாமே இழைக்கும் அநீதியாகும்.