மின்சுற்றுப் பலகை வரைவு

ஒரு மின்னணுக் கருவியின் சுற்றுப்படத்தில் உள்ள உறுப்புகளைப் பலகையில் எங்கெங்கே வைப்பது, அவற்றை இணைக்கும் செம்புத் தடங்களை எந்த வழியாகக் கொண்டுபோவது என்று முடிவுசெய்து வரைந்து தரும் பணி. தொழிலில் இருப்பவர்கள் இதைப் பிசிபி லேஅவுட் என்பார்கள். சலவை இயந்திரம், மின்சார மீட்டர், கார் எஞ்சின் என எதற்குள்ளாவது அமர்ந்து ஒரே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் எம்பெடெட் கருவிகளில் இந்த வரைவின் தரம்தான் பல நேரம் கருவியின் தரம். ஆனால் கலை பிறந்தது அச்சுத்தொழிலின் மடியில்.

1903இல் ஆல்பர்ட் ஹான்சன் என்ற ஜெர்மானியர், மின்கடத்தாத் தாளில் தட்டையான உலோகப் பட்டைகளை ஒட்டும் முறைக்குக் காப்புரிமை கோரினார். 1925இல் அமெரிக்கர் சார்ல்ஸ் டூகாஸ், மின்கடத்தும் மையை அச்சுப்போல் பதித்து அதன்மேல் உலோகம் படிய வைக்கும் முறையைச் சொன்னார். இரண்டும் பெரிதாகத் தொழிலாகவில்லை. வியன்னாவில் 1907இல் பிறந்த யூதரான பால் ஐஸ்லர்தான் வழியைத் திறந்தவர். அங்கே அச்சுத்தொழிலில் பழகியவர், 1936இல் இங்கிலாந்துக்கு வந்து, லண்டன் வாடகை அறையிலேயே அச்சுச்சுற்று வானொலி ஒன்றைச் செய்துகாட்டினார். செம்புத் தகட்டைப் பலகையில் ஒட்டி, வேண்டிய இடத்தை மறைத்து, மீதியை அமிலத்தால் அரித்தெடுப்பது அவர் முறை. கம்பி இணைக்கக் கூலிக்குப் பெண்கள் கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தட்டிக்கழித்தவர்களும் உண்டு. போர் தொடங்கியதும் அந்நியர் என்று சிறிதுகாலம் அடைத்து வைக்கப்பட்டார். விடுதலைக்குப்பின் அவருக்கு இடம் கொடுத்தது இசைத்தாள் அச்சிட்டு வந்த ஒரு நிறுவனம். 1943இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

அதே போரில், இலக்கை நெருங்கியதும் தானாக வெடிக்கும் குண்டுகளின் பியூஸுக்காக அமெரிக்கர்கள் பீங்கான் தகட்டில் வெள்ளி மையால் சுற்றுகளை அச்சிட்டார்கள். 1949இல் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் கோரைச் சேர்ந்த டாங்கோவும் ஏப்ரம்சனும், உறுப்புகளின் கால்களைத் துளைகளில் செருகி உருகிய ஈயத்தில் ஒரே தடவையில் தோய்த்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, பலகை உற்பத்திக்குத் தயாரானது. இனிமேல் யாராவது அதை வரைய வேண்டுமே!

1960, 70களில் அந்த ‘யாராவது’ ஒளிமேசை முன் உட்கார்ந்திருந்த டிராஃப்ட்ஸ்மேன். வெயிலுக்கும் ஈரத்துக்கும் அளவு மாறாத மைலார் படலத்தை விரித்து, உறுப்பின் கால் பற்றவைக்கப்படும் பேட் வரவேண்டிய இடத்தில் வட்ட ஸ்டிக்கரும் தடம் வரவேண்டிய இடத்தில் கறுப்பு டேப்பும் ஒட்டுவார். வரைவு உண்மை அளவைவிட 2 மடங்கோ 4 மடங்கோ பெரிதாக இருக்கும். கை அரை மில்லிமீட்டர் விலகினாலும், கேமரா 4 மடங்கு சுருக்கும்போது பிழை 0.125 மில்லிமீட்டராகிவிடும். வளைவில் டேப்பை இழுத்து ஒட்டினால் அது நாள்போக்கில் பின்வாங்கும், தடம் அறுந்துபோகும். எனவே இழுக்காமல் ஒட்டி, நுனியைக் கத்தியால் நறுக்க வேண்டும். இருபக்கப் பலகைக்கு ஒரே படலத்தில் சிவப்பு, நீல டேப்புகளை ஒட்டி, கேமராவில் வண்ண வடிகட்டி வைத்து இரண்டு படங்களாகப் பிரித்தெடுத்தார்கள். ஒரு சிப்பை இடம் மாற்றச் சொன்னால் நாள்கணக்கில் உரித்து ஒட்ட வேண்டும். எனவே உறுப்புகளை வைக்கும்போதே நன்றாக யோசித்தார்கள். இன்று மவுஸில் இழுத்துப்போடும் வசதி அந்தப் பொறுமையைக் கெடுத்துவிட்டது என்றே தோன்றுகிறது.

டேப்பை ஓரங்கட்டிய ஜோசப் கெர்பரும் வியன்னாக்காரர். 1924இல் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி 1940இல் அமெரிக்கா சேர்ந்தவர். அவர் நிறுவனத்தின் போட்டோபிளாட்டர், ஃபிலிம்மீது ஒளியால் வரையும் இயந்திரம். பல வடிவத் துளைகள் உள்ள ஒரு சக்கரம் சுழன்று, தேவையான துளை வழியே ஒளியை விடும். அதற்கான கட்டளைகளில் டி01 என்றால் ஒளியோடு நகர். டி02 என்றால் ஒளியில்லாமல் நகர். டி03 என்றால் நின்ற இடத்தில் ஒருமுறை மின்னு. டி10 முதல் துளைகளின் எண்கள். சக்கரம் பழம்பொருளாகிவிட்டது. ஆனாலும் இன்று பலகை செய்யத் தரும் கெர்பர் கோப்பைத் திறந்தால் அதே டி01, டி03 வரிவரியாக நிற்கின்றன.

தடம் போடுவதைக் கணினியிடமே விடும் முயற்சி 1961இல் பெல் ஆய்வகத்தின் சி. ஒய். லீ தந்த வழிமுறையிலிருந்து வலுப்பெற்றது. பலகையைக் கட்டங்களாகப் பிரித்து, தொடக்கப் புள்ளியிலிருந்து குளத்தில் அலை பரவுவதுபோல் 1, 2, 3 என்று எண்ணிட்டுக்கொண்டே போய், இலக்கைத் தொட்டதும் வந்த வழியே திரும்பும் முறை இது. வழி இருந்தால் மிகக் குறுகியதைக் கண்டுபிடித்தே தீரும். சிக்கல், முதலில் போட்ட தடம் அடுத்தவற்றுக்குச் சுவராகிவிடுவதே. 1985இல் டாஸ்மேனியாவில் தொடங்கிய புரோட்டெல், 1988இல் வந்த ஜெர்மனியின் ஈகிள், 1992இல் பிரான்சில் ஜான்-பியர் ஷாராஸ் எழுதத் தொடங்கிய கிகேட் எனச் சாதாரணக் கணினிகளுக்கான மென்பொருள்கள் வந்தபின்பும், பழகியவர்கள் முக்கியமான தடங்களைக் கையால்தான் போடுகிறார்கள்.

இன்டெல் 1980இல் வெளியிட்ட 8051 மைக்ரோகண்ட்ரோலர் சிப் இதற்கான காரணத்தைக் காட்டும். அதன் 40 கால்களில் மின்சாரம் நுழைவது 40ஆம் காலில்; கிரவுண்ட் 20ஆம் காலில், நேர் எதிர் மூலையில். சிப்புக்குள் டிரான்சிஸ்டர்கள் மாறும் கணத்தில் கரண்ட் குபீரென்று இழுக்கப்படும். தொலைவிலுள்ள பவர் சப்ளையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. எனவே அருகிலேயே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வைப்பது வழக்கம். ஆனால் இரண்டு கால்களும் எதிரெதிரே இருந்தால், எங்கே வைத்தாலும் கரண்ட் ஓடும் வளையம் பெரிதாகும், இரைச்சல் கூடும். பின்னாளில் வந்த சிப்புகளில் மின்சாரக் காலும் கிரவுண்ட் காலும் ஜோடியாகப் பக்கத்தில் அமைந்தன. 8051க்குக் கடிகாரத் துடிப்பு தரும் படிகத்துக்கான 18, 19ஆம் கால்கள் மட்டும் கிரவுண்டுக்கு அடுத்தே இருந்தது நல்லவேளை: படிகத்தையும் அதன் கெப்பாசிட்டர்களையும் ஒட்டினாற்போல் வைக்கலாம்.

மின்காந்த இரைச்சலுக்கான ஐரோப்பிய விதி 1996 முதல் கட்டாயமானதும், நடுவே முழு கிரவுண்ட் அடுக்கு கொண்ட நான்கடுக்குப் பலகைகளுக்கு மவுசு கூடியது. வேகமான சிக்னலின் திரும்பும் கரண்ட் தன் தடத்துக்கு நேர் கீழே ஓடவே பார்க்கும். அங்கே கிரவுண்டில் வெட்டு இருந்தால் அது சுற்றிப்போகும். அந்தச் சுற்று ஆன்டெனாவாகிவிடும்.

வரைவுப் பிழை மரபாகிப்போனதற்கு, இத்தாலியின் இவ்ரியாவில் 2005இல் தொடங்கிய ஆர்டுயினோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகையைவிட நல்ல சாட்சி இல்லை. அதன் 7, 8ஆம் பின்களுக்கு நடுவே 0.1 அங்குலத்தின் மடங்காக இருக்கவேண்டிய இடைவெளி, தவறுதலாக 0.16 அங்குலமாகிவிட்டது. சாதாரண துளைப்பலகை அதில் ஒழுங்காகப் பொருந்தாது. கண்டுபிடிப்பதற்குள் அதன்மேல் செருகும் ஷீல்டுகள் பெருகிவிட்டதால் திருத்த வழியில்லை. 2010இல் வந்த அதன் ஊனோ மாதிரியிலும் அதே 0.16தான்.