மணற்காட்டில் தடம் தேடுதல்: வீதியை விட்டு இறங்குவோருக்குச் சில குறிப்புகள்

கடந்த ஆடி மாதம் சுவிஸிலிருந்து வந்திருந்த அக்காவின் மகனை மணற்காட்டுக்குக் கூட்டிச் சென்றிருந்தேன். மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவரோரம் நின்று அவன் கைபேசியில் வரைபடத்தைப் பார்த்தான். "சித்தி, இதால நேரத் தெற்க நடந்தா நாகர்கோவில் வரும்தானே? றோட்டுக்கு ஏன் போகவேணும்?" என்றான்.

கேள்வியில் பிழை இல்லை. வரைபடத்தில் அது வெறும் வெள்ளை நிலம். இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்த வெள்ளை நிலம்தான். ஒவ்வொரு விடுமுறைக்கும் புலம்பெயர்ந்த வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். போர் முடிந்த பின்னர் பிறந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். நடக்க, சைக்கிள் ஓட, படம் எடுக்க வீதியை விட்டு இறங்குகிறார்கள். இறங்கவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எங்கே, எப்படி என்று தெரிந்துகொண்டு இறங்கவேண்டும்.

அவன் பனிச்சறுக்குக்காரன். அல்ப்ஸ் மலையில் குறியிட்ட பாதையை விட்டு விலகிச் சறுக்குவதில் பைத்தியம். அங்கே பாதைகளுக்கு நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் உண்டு. அந்தக் கம்பங்களைத் தாண்டினால் நிலத்தைச் சோதித்துத் தர யாரும் இல்லை, பொறுப்பு முழுக்கச் சறுக்குபவருடையது. அதனால் புறப்படுவதற்கு முன்னர் டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையைப் பார்ப்பார்கள். குளிர்காலத்தில் அது நாள்தோறும் மாலை 5 மணிக்கு வரும். பனிச்சரிவு அபாயத்தை 1 முதல் 5 வரை அளவிட்டுச் சொல்லும். 30 பாகைக்கு மேல் சரிந்த இடங்களில் கவனம் கூடவேண்டும். சமிக்ஞைக் கருவி, மண்வெட்டி, குத்திப் பார்க்கும் கம்பி ஆகிய மூன்றும் இல்லாமல் இறங்கக்கூடாது. இதையெல்லாம் அவன் ஒப்புவிப்பதுபோலச் சொன்னான். அதில் ஒரு விதி எனக்குப் பிடித்திருந்தது: முன்னால் ஒருவர் சறுக்கிப்போன தடம் இருப்பதால் அந்த இடம் பாதுகாப்பானது என்று எண்ணாதே. பத்துப் பேரைத் தாங்கிய பனி பதினோராவது ஆளுக்கு உடையலாம்.

அந்த விதி எங்கள் மண்ணுக்கும் பொருந்தும். ஆனால் இங்கே மாலை 5 மணிக்கு வரும் அறிக்கை கிடையாது.

முதலில் நல்ல பகுதியைச் சொல்லிவிடுகிறேன். பருத்தித்துறையிலிருந்து வல்லிபுர ஆழ்வார் கோயிலைத் தாண்டிப் போனால் மணற்காடு, குடத்தனை, அம்பன் என்று கடலுக்குச் சமாந்தரமாக மணற்குன்றுகள் வரும். கிழக்கே கடல், மேற்கே வடமராட்சிக் கடல்நீரேரி. இடையில் சவுக்கங்காடு, தாழை, வடலி. காலையில் வெய்யில் ஏறுவதற்கு முன் இங்கே நடப்பதைப்போல ஒரு நடை குடாநாட்டில் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

மணலில் தடம் தேடுவதற்கு இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் உதவும். அவை படர்ந்த இடத்தில் மணல் பிடிப்பாக இருக்கும், கால் புதையாது. ஒன்றும் முளைக்காத மொட்டை மணல் நேற்றுக் காற்று கொண்டுவந்து போட்டதாக இருக்கலாம். குன்றின் காற்றுக்கு மறைவான பக்கம் 30 பாகைக்குச் சற்று மேலாகச் சரிந்திருக்கும். பனிச்சரிவுக்குச் சொல்லும் அதே அளவுதான். இங்கே யாரையும் புதைக்கிற அளவுக்கு மணல் இல்லை. ஆனால் மணல் அள்ளியவர்கள் செங்குத்தாக வெட்டிவிட்டுப்போன குழிகளின் விளிம்பு இடிந்து விழும். சிறு பிள்ளைகளை அதற்கு அருகில் விடாதீர்கள். கள்ள மணல் அகழ்வு பற்றித் தனியாகவே எழுதவேண்டும்.

கடல்நீரேரிப் பக்கம் இறங்குவதானால் இன்னுமொரு கவனம். ஆவணி, புரட்டாதியில் நீர் வற்றி உப்புப் பூத்து வெள்ளையாகக் காய்ந்திருக்கும். மேல்தோல் ஆளைத் தாங்கும் போலத் தோன்றும். அடியில் கறுத்தச் சேறு. முழங்கால்வரை புதைந்து செருப்பை விட்டுவிட்டு வந்த அனுபவம் எனக்கு உண்டு. மாடு போன தடத்திலோ, இறால் பிடிக்கப்போகிறவர்களின் ஒற்றையடிப் பாதையிலோ மட்டும் போங்கள்.

இனி, அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

அம்பனுக்குத் தெற்கே வருவது நாகர்கோவில். 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்த பின்னர், கிளாலி, முகமாலை, எழுதுமட்டுவாள், நாகர்கோவில் என்று குடாநாட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஒரு முன்னரங்கக் கோடு உருவானது. 2008 இன் இறுதிவரை இரு தரப்பும் அந்தக் கோட்டில் எதிரெதிரே நின்றன. இரு தரப்பும் மிதிவெடி புதைத்தன. மீட்புப் பணியாளர்கள் உலகில் மிக நெருக்கமாக வெடி புதைக்கப்பட்ட இடங்களில் ஒன்றாக முகமாலையைச் சொல்வது வழக்கம். ஏ9 வீதியில் போகும்போது முழந்தாளிட்டு மண்ணைக் கிளறும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் போரில் குடும்பத்தை இழந்தவர்கள்.

ஆக, கடற்கரையோரமாகத் தெற்கே நடக்கும் எவரும் அந்தக் கோட்டின் கிழக்கு முனையைக் கடந்தாகவேண்டும். வரைபடத்தில் அது தெரியாது. ஊர் மக்கள் மீளக்குடியேறிய இடங்களும், வெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட காணிகளும் அங்கே உண்டு. ஆனால் வீதியிலிருந்து தெரிகிற பற்றையும் பழைய மண் அணையும் எந்த வகைக்குள் வருகிறது என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் இணைந்தது. புதைக்கப்பட்ட வெடிகளை முற்றாக அகற்ற அதற்குக் கிடைத்த காலக்கெடு 2028 யூன்.

சிவப்புப் பலகையில் மண்டையோடும் குறுக்கே எலும்பும் இருந்தால் எவருக்கும் விளங்கும். என் கவலை பலகை இல்லாத இடத்தைப் பற்றியது. பலகை மழையில் விழும், விறகுக்குப் போகும், பற்றை மூடும். பலகை இல்லை என்பதை "வெடி இல்லை" என்று வாசிக்கக்கூடாது. வெள்ளம் வெடியை இடம்பெயர்த்துவிடும் என்பதையும் மறக்கவேண்டாம். மாடு மேய்ந்த இடம் என்பதும் போதாது. மாடு வைக்கும் காலடிக்கும் வெடிக்கும் இடையில் ஒரு சாண் இருந்திருக்கலாம்.

அப்படியானால் எதை நம்புவது? அன்றாடம் ஆட்கள் புழங்கும் பாதையை. கரைவலை இழுக்கிறவர்கள் வாடிக்குப் போகும் தடம், உழவு இயந்திரச் சில்லு பதிந்த தடம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் ஒழுங்கை. ஒற்றைக் காலடித் தடத்தை அல்ல. அடுத்தது, கேட்பது. கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "இதால போகலாமோ?" என்று கேட்டால் மரியாதைக்காக "ஓம், போகலாம்" என்று சொல்லிவிடுவார்கள். "நீங்கள் இதால போறனீங்களோ? கடைசியா எப்ப போனீங்கள்?" என்று கேளுங்கள். பதில் உடனே வராவிட்டால் திரும்பிவிடுங்கள். கிராம அலுவலரிடம் கேட்டால் எந்தக் காணி விடுவிக்கப்பட்டது என்று சொல்வார்.

தவறி உள்ளே போய்விட்டதாக உணர்ந்தால் நில்லுங்கள். அசையவேண்டாம். கூடவந்தவர்களையும் நிற்கச் சொல்லிச் சத்தமிட்டு உதவி கேளுங்கள். கைபேசி இருந்தால் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. வந்த காலடியில் திரும்பலாம் என்பது கடைசி வழி, அதுவும் தடம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும். சோளகம் வீசும் மாதங்களில் மணலில் உங்கள் காலடி சில நிமிடத்தில் மூடிப்போகும். வித்தியாசமான பொருள் எதைக் கண்டாலும் தொடவேண்டாம், கல்லெறிய வேண்டாம். சமாதான காலத்தில் எங்கள் வகுப்பில் படம் காட்டிப் படிப்பித்த பாடம் இது. இப்போது வருகிற பிள்ளைகளுக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

இன்னும் தெற்கே, சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. பூநாரை பார்க்கப் போகிறவர்கள் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டு, சொன்ன பாதையில் மட்டும் போகவேண்டும்.

அன்று நாங்கள் அம்பன்வரை மணலிலேயே நடந்தோம். அங்கே வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவரிடம் நான் மேலே சொன்னபடி கேட்டேன். ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "கரையால நாங்கள் போறனாங்கள் பிள்ளை. உந்தப் பத்தைக்குள்ளால நான் தொண்ணூற்றெட்டுக்குப் பிறகு போகேல்லை." அக்காவின் மகன் கைபேசியை மடக்கிப் பைக்குள் வைத்தான். வீதிக்கு ஏறி, ஓட்டோவுக்குக் காத்து நின்றோம்.