துருவக் காட் மீன்: பனியடிக் குளிர்கால உணவு

துருவக் காட் (போரியோகாடஸ் சைடா) ஆர்க்டிக் பெருங்கடலில் வாழும் சிறு மீன். வளர்ந்த மீனே பெரும்பாலும் ஒரு சாண் நீளம்தான் இருக்கும். இதன் இளம் மீன்களில் பல, குறிப்பாக ஓரிரு வயதுடையவை, மிதக்கும் கடற்பனியின் அடிப்புறப் பிளவுகளில் ஒண்டி வாழ்கின்றன. அங்கே நீரின் வெப்பம் −1.8 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். இரத்தத்திலுள்ள உறைதடுப்புப் புரதங்கள் மீனைக் காக்கின்றன.

குளிர்காலத்தில் அங்கே வாரக்கணக்கில், இன்னும் வடக்கே மாதக்கணக்கில், சூரியன் உதிப்பதில்லை. பாசி வளராத அந்த இருளிலும் துருவக் காட் பட்டினி கிடப்பதில்லை. ஸ்வால்பார்ட் தீவுகளை அடுத்த கடலில் துருவ இரவில் பிடித்த மீன்களின் இரைப்பையில் இரை இருந்தது.

அந்த இரை பெரும்பாலும் ஓட்டுடலிகள். பனியின் அடிப்பரப்பைப் பற்றி வாழும், குட்டி இறால் போன்ற ஆம்பிபாட்கள் இளமீனுக்கு முக்கியமானவை. அவற்றுள் அஃபெரூசா கிளாசியாலிஸ் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம். அரிசிமணி அளவுள்ள கலானஸ் என்னும் கோபிபாடும் கொழுத்த தீனிதான். ஆனால் குளிர்காலத்தைக் கழிக்க அது பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அக்காலத்தில், பனியை ஒட்டி வாழும் மீனுக்குப் பனியை ஒட்டி வாழும் இரையின் அருமை கூடுகிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு 5, 6 மில்லிமீட்டரே இருக்கும்; அதன் வாய்க்கு அடங்குபவை கோபிபாடின் முட்டைகளும் இளவுயிரிகளும் மட்டுமே.

இந்த இரைகளின் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் வியப்பூட்டும் செய்தி. இளவேனிலில் வெளிச்சம் திரும்பியதும், பனியின் அடிப்புறத்தில் டயாட்டம் பாசிகள் பழுப்புப் படலமாகப் படர்கின்றன. ஓட்டுடலிகள் அதை மேய்ந்து கொழுப்பாகச் சேர்த்துவைக்கின்றன. குளிர்காலத்து மீன் தின்பது, சென்ற பருவத்து வெயிலைத்தான்.

இந்தத் தொடர்பைக் கண்டறிய உதவியது கார்பன். பனிக்குள் நெருக்கமாக வளரும் பாசிக்குக் கரியமில வாயு தட்டுப்பாடாவதால், அதன் உடலில் கனமான கார்பன்-13 சற்றுக் கூடுதலாகச் சேர்கிறது. அந்த அடையாளம் மேய்ந்த உயிரின் வழியாக மீனின் தசைக்கும் வந்து சேரும். 2012ஆம் ஆண்டு கோடையின் இறுதியில், ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல், பனியின் அடிப்பரப்பை உரசிச் செல்லும் வலையால் மத்திய ஆர்க்டிக்கில் இளமீன்களைப் பிடித்தது. அவற்றின் உடலிலிருந்த கார்பனில் பாதிக்கும் மேல் பனிப்பாசியிலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் கணித்தனர்.

இப்படித் தேறிய இளமீனை வளையச் சீல்களும் வெண் திமிங்கிலங்களும் கடற்பறவைகளும் தேடித் தின்கின்றன.