முறையிட்டவரின் சொல்லும் மக்கள் பிரதிநிதியின் கடமையும்

நம் மஹல்லாக்களில் ஒரு குடும்பத்துப் பிள்ளை வழக்கில் சிக்கிக்கொண்டால், பெரியவர்கள் மனு எழுதிக்கொண்டு சட்டமன்ற உறுப்பினரைத் தேடிச் செல்வதுண்டு. "விஷயம் நீதிமன்றத்தில் இருக்கிறது; நாங்கள் தலையிட முடியாது" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. அதில் உண்மையும் உண்டு. தீர்ப்பு வழங்குவது நீதிபதியின் பணி. தேர்தலில் வென்றவர்கள் தீர்ப்பை வளைக்கத் தொடங்கினால் முதலில் நசுக்கப்படுபவன் ஏழையே. ஆனால் தலையிடக் கூடாது என்பதற்கு, செவிசாய்க்கவும் கூடாது என்று பொருளாகுமா? இங்கிலாந்தின் அண்மைக்கால வரலாற்றில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது.

அந்நாட்டில் சிற்றூர் அஞ்சலகங்கள் பலவும் மளிகைக் கடையோடு சேர்ந்தே இயங்குபவை. அஞ்சல் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்ட பொறுப்பாளர்கள் அவற்றை நடத்துகின்றனர். 1999 முதல் அக்கிளைகளின் கணக்குகள் 'ஹொரைசன்' என்னும் கணினி முறைக்கு மாற்றப்பட்டன. அதன்பின் பல கிளைகளில் பணம் குறைவதாகக் கணினி காட்டத் தொடங்கியது. குறைவு ஏற்பட்டால் பொறுப்பாளரே ஈடுகட்ட வேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்தியது. ஈடுகட்ட இயலாதோர் மீது திருட்டு வழக்கும் பொய்க்கணக்கு வழக்கும் பாய்ந்தன. அஞ்சல் நிறுவனமே தன் விசாரணையாளர்களை வைத்து விசாரித்தது; காவல்துறையை நாடாமல் தானே வழக்கும் தொடர்ந்தது.

சட்டமும் அவர்களுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. கணினிப் பதிவைச் சான்றாகக் காட்டுவோர் அக்கணினி சரியாக இயங்கியதை மெய்ப்பிக்க வேண்டும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 1999இல் இயற்றப்பட்ட சட்டம் அந்தப் பிரிவை நீக்கியது. அதன்பின், மாறாகக் காட்டப்படாதவரை கணினி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் கொள்ளும். அதைப் பொய்ப்பிக்கும் பதிவுகளோ குற்றம் சாட்டியவரின் கையில்தான் இருந்தன.

ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்னும் சிற்றூரில் அஞ்சலகம் நடத்தியவர் ஜோ ஹாமில்டன். கணினி காட்டிய குறைவைச் சரிசெய்ய உதவி கேட்டுத் தொலைபேசியில் பேசினார். அவர்கள் சொன்னபடி செய்தபோது, அவர் கண்ணெதிரிலேயே அந்தத் தொகை இரட்டிப்பானது. முடிவில் 36,000 பவுண்டு திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டார். திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுவதென்றால் பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்ட வேண்டும் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டார். சிறைக்கு அஞ்சி ஒப்புக்கொண்டார். வீட்டை அடகு வைத்துப் பணம் கட்டினார். ஊர் மக்களும் திரட்டிக் கொடுத்தனர். தீர்ப்பு நாளில் கிராமத்தார் பலர் நீதிமன்றத்துக்கே வந்து நின்றனர். அவர் திருடியதற்குச் சான்று இல்லை என்று நிறுவனத்தின் விசாரணையாளரே அறிக்கையில் எழுதியிருந்தது பின்னாளில்தான் வெளிவந்தது.

அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் ஆர்பத்னாட். நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்த்துவிட்ட ஒருவரின் சொல்லை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. 2009இல் அமைச்சருக்கு எழுதினார். அஞ்சல் நிறுவனம் அரசுக்குச் சொந்தமானதே. எனினும், இது அந்நிறுவனத்தின் அன்றாட நிர்வாகம் சார்ந்தது, அவர்களிடமே கேளுங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. பல உறுப்பினர்கள் இத்தகைய பதிலைத் தம் தொகுதி மக்களுக்கு அனுப்பிவைத்து, கடமை முடிந்தது என்று கருதியிருப்பர். ஆர்பத்னாட் அவ்வாறு விட்டுவிடவில்லை.

பாதிக்கப்பட்டோரில் பலரிடம், இப்படிப்பட்ட குறை உங்கள் ஒருவருக்கு மட்டுமே வந்திருக்கிறது என்று நிறுவனத்தார் கூறியிருந்தனர். வேல்ஸில் தம் அஞ்சலகத்தை இழந்திருந்த ஆலன் பேட்ஸ், அவர்களை 2009இல் ஓர் அமைப்பாகத் திரட்டினார். அதைப் போலவே ஆர்பத்னாட் கட்சி பேதமின்றி மற்ற உறுப்பினர்களைத் திரட்டினார். அவர் கன்சர்வேட்டிவ் கட்சியினர். தொழிற்கட்சியின் கெவன் ஜோன்ஸ் அவருடன் நின்றார். தனித்தனியாக வந்தபோது புகார்களாக மட்டும் தெரிந்த கடிதங்கள், ஒன்றாக வைக்கப்பட்டபோது சான்றாயின. இந்த வற்புறுத்தலால் 2012இல் 'செகண்ட் சைட்' என்னும் தணிக்கையாளர்கள் சுயேச்சையாக ஆராய அமர்த்தப்பட்டனர். கணினி முறையில் பிழைகள் இருந்ததை 2013இல் அவர்களின் இடைக்கால அறிக்கை சுட்டியது. நிறுவனம் பிடிவாதமாக மறுத்தது. 2015இல் அத்தணிக்கையாளர்களையே விலக்கிற்று.

நாடாளுமன்றத்தால் இயன்றது அவ்வளவே; எஞ்சியதை நீதிமன்றம் செய்தது. ஆலன் பேட்ஸும் மற்றவர்களுமாக 555 பேர் தொடுத்த வழக்கில், ஹொரைசன் நம்பத்தக்கதாக இருக்கவில்லை என்று நீதிபதி ஃபிரேசர் 2019இல் தீர்ப்பளித்தார். 2021 ஏப்ரல் 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை நீக்கியது. அவர்களில் ஜோ ஹாமில்டனும் ஒருவர். இந்திய வம்சாவளியினரான சீமா மிஸ்ராவும் ஒருவர். அவர் 2010இல் கர்ப்பிணியாகச் சிறை சென்றவர், அதுவும் தம் மகனின் பத்தாவது பிறந்த நாளில்.

எனினும், தண்டிக்கப்பட்ட 900க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் காத்திருந்தனர். 2024 ஜனவரியில் இவ்வரலாறு தொலைக்காட்சித் தொடராக வந்து நாடே கொதித்தபின், சில மாதங்களிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. நூற்றுக்கணக்கான தண்டனைகள் ஒரே சட்டத்தால் நீங்கின. நீதிமன்றத் தீர்ப்புகளை நாடாளுமன்றம் நீக்கலாமா என்ற கவலை அப்போது எழுந்ததும் நியாயமே. தொடக்கத்திலேயே அமைச்சர்கள் செவிசாய்த்திருந்தால் அந்த நிலை வந்திருக்காது. இடைப்பட்ட ஆண்டுகளில் பலர், தம் பெயர் தூய்மையாவதைக் காணாமலேயே இறந்துவிட்டனர்.

இங்கே அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதலாக வரும் பகுதி நம் நினைவுக்கு வருகிறது. மதீனாவில் முஸ்லிம் குடும்பமொன்றைச் சேர்ந்தவர் கவசத்தைத் திருடி, பழியை ஒரு யூதர் மீது போட்டதையும், அவருடைய உறவினர்கள் திரண்டு வந்து அவருக்காக நபி (ஸல்) அவர்களிடம் வாதாடியதையும் தஃப்சீர் ஆசிரியர்கள் பலர் இப்பகுதிக்கான பின்னணியாகக் குறிப்பிடுகின்றனர். இறைவசனங்கள் அந்த யூதரை நிரபராதி என்று காட்டின. மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாம் என்று தடுத்தன. நம்மவர் என்பதற்காக வாதாடுவது வேறு; உண்மை மறைக்கப்படுகிறது என்பதற்காக வாதாடுவது வேறு.

ஆகவே நம் பிரதிநிதியிடம் செல்லும்போது, பிள்ளையை விடுவித்துத் தாருங்கள் என்று கேட்பது முறையன்று. அவரால் இயலாததும், அவர் செய்யக் கூடாததும் அதுவே. ஆவணங்களைக் காட்டச் சொல்லுங்கள், சுயேச்சையான விசாரணை கேளுங்கள், இதே குறை வேறு எவருக்கேனும் உண்டா என்று விசாரியுங்கள், அவையில் கேள்வி எழுப்புங்கள் என்று கேட்கலாம். தேதிகளையும் தாள்களையும் ஒழுங்குபடுத்தி எடுத்துச் செல்வது நம் பொறுப்பு. முதல் பதிலோடு நின்றுவிடாமல் அடுத்த கதவைத் தட்டுவது அவர் ஏற்றுக்கொண்ட அமானிதம். அதைப் பேணியவர் யார், பேணாதவர் யார் என்பதை அடுத்த தேர்தலில் நாம் நினைவில் வைத்திருப்போமாக.